பழைய கேம் சிடிகளை முறையாகப் படியெடுத்து ஆவணப்படுத்துவது எப்படி?

அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான வீடியோ கேம்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனும் சாஃப்ட்வேர் பிரிசர்வேஷன் நெட்வொர்க்கும் 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. தயாரித்த நிறுவனம் மூடப்பட்டிருக்கும். உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே தெரியாமல் போயிருக்கும். அல்லது மீண்டும் வெளியிடுவதில் யாருக்கும் லாபம் இருக்காது. ஆகவே இந்த வரலாற்றைக் காக்கும் வேலையில் பெரும்பகுதியைத் தன்னார்வலர்களே செய்து வருகிறார்கள். ஆர்கேட் இயந்திரங்களுக்காக 1997-இல் தொடங்கிய மேம் திட்டம், கார்ட்ரிட்ஜ்களைப் பட்டியலிடும் நோ-இன்ட்ரோ, சிடி, டிவிடிகளைப் பட்டியலிடும் ரீடம்ப் ஆகிய யாவும் அப்படி வளர்ந்தவைதாம். பரணில் ஒரு பெட்டி நிறையப் பழைய சிடி வைத்திருக்கும் எவரும் இதில் பங்கெடுக்கலாம் என்பதால், அந்த வேலையை முறையாகச் செய்யும் வழியை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

முதலில் எதைக் கையில் எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். உலகப் புகழ்பெற்ற விளையாட்டின் சிடியைக் காட்டிலும், கணினி இதழோடு இணைப்பாக வந்த டெமோ சிடி, குறைந்த விலையில் அட்டை உறையில் வந்த மறுபதிப்பு, கிராஃபிக்ஸ் கார்டோடு இலவசமாகக் கொடுத்த சிடி ஆகியவையே முந்தி அழிகின்றன. அவற்றை யாரும் பொருட்படுத்தியதில்லை. பெரும்பாலானவை பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. ஆனால் டெமோக்களில், இறுதிப் பதிப்பிலிருந்து நீக்கப்பட்ட படங்களும் ஒலிகளும் எஞ்சியிருப்பதுண்டு. அப்படிப்பட்டவற்றைக் கண்டெடுத்துப் பதிவு செய்வதற்கென்றே தி கட்டிங் ரூம் ஃப்ளோர் என்ற விக்கி இயங்குகிறது. உங்களிடம் உள்ளது ரீடம்ப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டாம். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

சிடியைக் கணினியின் சிடி இயக்கியில் (டிரைவில்) போடுவதற்கு முன் வெளிச்சத்தில் இருபுறமும் பார்க்க வேண்டும். பலரும் பளபளப்பான அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பாதுகாக்கிறார்கள். உண்மையில் தரவைத் தாங்கும் அலுமினியப் படலம் படம் அச்சிட்ட மேற்பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. அதன்மேல் இருப்பது மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே. அடிப்பக்கத்துக் கீறலை மெருகேற்றி நீக்கிவிடலாம், மேற்பக்கக் கீறலுக்கு மருந்தில்லை. எனவே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள், ஸ்டிக்கரோடு படலமும் உரிந்து வந்துவிடும். விளக்கொளியில் பிடிக்கும்போது ஊசித் துளைகள் போல ஒளி ஊடுருவித் தெரிந்தால் படலம் அரிக்கத் தொடங்கியிருக்கலாம். அந்தச் சிடியை வரிசையில் முதலில் வையுங்கள். தூசியும் கைரேகையும் இருந்தால், மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் உண்டாகும் கீறல் தரவு எழுதப்பட்ட திசையிலேயே ஓடும். அடுத்தடுத்த தகவல்கள் தொடர்ச்சியாகக் கெட்டுப்போவதால், சிடிக்குள் இருக்கும் பிழைதிருத்த ஏற்பாடு அதனிடம் தோற்றுவிடும்.

அடுத்தது படியெடுத்தல், இந்தத் துறையில் இருப்பவர்கள் இதை டம்ப் எடுப்பது என்பார்கள். இங்கேதான் அதிகமாகத் தவறு நேர்கிறது. கணினியில் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து நகலெடுப்பது பாதுகாப்பு ஆகாது, சிடியின் தரவை ஒரே கோப்பாகச் சேர்க்கும் ஐ.எஸ்.ஓ. (.iso) வடிவத்துக்கு மாற்றுவதும் பல சிடிகளுக்குப் போதாது. சிடியில் தகவல் செக்டர் எனப்படும் சிறு துண்டுகளாக எழுதப்படுகிறது, ஒவ்வொரு செக்டரிலும் 2352 பைட்டுகள் உள்ளன. சாதாரணத் தரவு செக்டரில் 2048 பைட்டுகள் மட்டுமே பயனருக்கான தரவு. மீதி 304 பைட்டுகளில் முகவரி, பிழையறியும் குறி, பிழைதிருத்தக் குறி முதலியவை அடங்கும். ஐ.எஸ்.ஓ. அந்த 304 பைட்டுகளையும் வீசிவிடுகிறது. அதைவிட முக்கியமாக, 1990-களின் பல விளையாட்டுகளில் பின்னணி இசை சாதாரண ஆடியோ சிடியைப் போலவே தனித்தனி டிராக்குகளாகப் பதிந்திருக்கும், ஐ.எஸ்.ஓ. எடுத்தால் விளையாட்டு ஓடும், இசை இருக்காது. ஆகவே முழு செக்டரையும் எடுத்து, டிராக் வாரியாக ‘பின்’ (.bin) கோப்புகளாகவும் அவற்றின் வரிசையைச் சொல்லும் ‘க்யூ’ (.cue) கோப்பாகவும் சேமிக்க வேண்டும். ரீடம்பர், டிஸ்க் இமேஜ் கிரியேட்டர் ஆகிய இலவச மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. கட்டளை வரி பழக்கமில்லாதவர்கள் எம்.பி.எஃப். என்ற முகப்பு வழியாக அவற்றை இயக்கலாம்.

எந்த சிடி இயக்கியும் சரிப்படும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆடியோ டிராக்கைப் படிக்கும்போது ஒவ்வொரு இயக்கி மாடலும் சில ஒலிச் சாம்பிள்கள் முன்போ பின்போ தொடங்கும். அந்த விலகல் எவ்வளவு என்று தெரிந்த இயக்கியாக இருந்தால்தான் மென்பொருள் திருத்திக்கொள்ளும். ஏற்ற மாடல்களின் பட்டியலை ரீடம்ப் குழுவினர் பராமரிக்கிறார்கள். பழைய பிளெக்ஸ்டர் இயக்கிகளுக்கு நெடுங்காலமாக மதிப்பு உண்டு. இன்னொரு எச்சரிக்கை: நகலெடுப்பதைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்ற பூட்டைப் பயன்படுத்திய சிடிகளில் வேண்டுமென்றே படிக்க முடியாத செக்டர்களை வைத்திருப்பார்கள். இயக்கி அங்கே மணிக்கணக்கில் திணறும். சிடி கெட்டுவிட்டதாக எண்ணிப் பாதியில் நிறுத்தாதீர்கள். வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் 10 இந்தப் பூட்டு இயங்கத் தேவையான டிரைவர் மென்பொருளை ஏற்பதில்லை, எனவே காசு கொடுத்து வாங்கிய அசல் சிடியே பலருக்கு இன்று ஓடுவதில்லை.

டம்ப் முடிந்ததும் ஒவ்வொரு டிராக்குக்கும் சி.ஆர்.சி-32, எம்.டி-5, எஸ்.எச்.ஏ-1 என்ற ஹாஷ் எண்கள், அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்கள், கிடைக்கும். ஒரு பைட் மாறினாலும் இவை வேறாகிவிடும். அதே சிடியை இரண்டாம் முறையும் எடுத்து, இரண்டு முறையும் ஒரே எண்கள் வருகின்றனவா என்று பாருங்கள். ஆனால் இதனால் நீங்கள் படித்தது நிலையாக இருக்கிறது என்று மட்டுமே உறுதியாகிறது. வேறொருவர் வேறொரு ஊரில், வேறொரு சிடியிலிருந்து எடுத்த டம்பும் உங்களுடையதும் ஒத்துப்போகும்போதுதான் ரீடம்ப் பட்டியலில் அது சரிபார்க்கப்பட்டதாகக் குறிக்கப்படும். பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் சிடியையும் எடுக்கச் சொன்னதன் காரணம் இதுவே. கூட்டு முயற்சியின் உண்மையான பலம் இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. தனியொருவர் ஆயிரம் சிடிகளை எடுத்து வைத்தாலும் அவற்றுக்குச் சாட்சி இல்லை.

எண்கள் ஒத்துப்போகாவிட்டால் உங்கள் டம்ப் தவறு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். உங்களிடம் இருப்பது வேறு பதிப்பாக இருக்கலாம். சிடியின் அடிப்பக்கத்தில், நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடியில் கீறியது போன்ற எழுத்துகளும் எண்களும் தெரியும். மூல அச்சின் குறியீடும், பார்கோடும், 1994 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.எஃப்.பி.ஐ. (IFPI) என்று தொடங்கும் ஆலைக் குறிகளும் அங்கே இருக்கும். ஒரே அட்டைப்படம் உள்ள இரண்டு சிடிகளில் ஒன்று பிழை திருத்திய பிந்தைய அச்சு என்பதை இந்த வளையம்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். அதை எழுத்துப் பிசகாமல், இடைவெளி உட்பட, குறித்துக்கொள்ளுங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது.

உறை, கையேடு, பதிவு அட்டை ஆகியவற்றை 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்து டிஃப் அல்லது பி.என்.ஜி. கோப்பாக வையுங்கள். ஸ்கேனரின் தானியங்கி நிறத்திருத்தத்தை அணைத்துவிட வேண்டும். பின்னட்டையில் எம்.ஆர்.பி. விலையும் இறக்குமதியாளர் பெயரும் உள்ள ஸ்டிக்கர் இருந்தால் அதையும் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். அந்த விளையாட்டு இங்கே எப்போது, யார் மூலம், என்ன விலைக்கு வந்தது என்பதற்கு வேறு பதிவே இல்லாமலிருக்கக் கூடும்.

ஃபிளாப்பி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். 3.5 அங்குல ஃபிளாப்பியைச் செருகும் முன் மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தித் துளையைத் திறந்துவிடுங்கள். அப்போதுதான் அதில் எதுவும் எழுதப்படாது. துளை மூடியிருந்தால், வெறுமனே படிப்பதற்காகச் செருகிய ஃபிளாப்பியிலும் விண்டோஸ் 95 போன்றவை முதல் செக்டரில் தம் அடையாளத்தை எழுதிவிடும். பூஞ்சை படிந்திருந்தால் படிக்கவே முயலாதீர்கள், இயக்கியின் முனையும் கெடும். நகல் பூட்டு உள்ளவற்றுக்குக் காந்த மாற்றங்களையே நேரடியாகப் பதியும் கிரீஸ்வீசல் போன்ற கருவி தேவை. 1989-இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் மூல நிரல், அதை எழுதிய ஜோர்டான் மெக்னரின் தந்தை வைத்திருந்த பெட்டியில் கிடந்த ஃபிளாப்பிகளிலிருந்து 2012-இல் மீட்கப்பட்டது. இன்டர்நெட் ஆர்கைவின் ஜேசன் ஸ்காட், பழைய ஆப்பிள் கணினிகளைச் சேகரிக்கும் டோனி டயஸ் ஆகியோரின் உதவி இல்லாமல் அது நடந்திருக்காது.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு, ஒரு கணினி நிரலை முறைப்படி வைத்திருப்பவர் இழப்பிலிருந்தும் சேதத்திலிருந்தும் காத்துக்கொள்ள நகல் எடுக்க இடம் தருகிறது. அந்த நகலை உலகுக்கு வழங்க அது அனுமதி அல்ல. ரீடம்ப் பட்டியலுக்கு நீங்கள் அனுப்புவது ஹாஷ் எண்கள், டிராக் விவரம், வளையக் குறியீடு போன்ற விவரங்கள் மட்டுமே. விளையாட்டுக் கோப்பை அது கேட்பதும் இல்லை, வெளியிடுவதும் இல்லை. விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து அளிக்க நூலகங்கள் கேட்ட விலக்கையே அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது.

எடுத்த கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். இடம் போதாவிட்டால், தரவு எதுவும் இழக்காமல் சுருக்கும் சி.எச்.டி. வடிவத்துக்கு மாற்றலாம். ஆண்டுக்கொரு முறை ஹாஷ் எண்களை மீண்டும் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். அசல் சிடியைத் தூக்கிப் போட வேண்டாம். படியெடுக்கும் முறைகள் மேம்பட மேம்பட, பழைய டம்ப்களை மறுபடியும் எடுக்க வேண்டி வந்திருக்கிறது. பெட்டியில் செங்குத்தாக, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் அதை வைத்துவிட்டு, அடுத்த சிடியை எடுங்கள்.