மரக்கட்டை வீடு: சுவர் இறங்கும் என்பதை மறக்கிறவர்களுக்கு

அண்மையில் ஓர் இளைஞர் தாம் எழுப்பி வரும் மரக்கட்டை வீட்டைக் காட்ட என்னை அழைத்துச் சென்றார். ஜன்னல் நிலைக்கு மேலே விடும்படி நான் சொல்லியிருந்த இடைவெளியில், இறுகிக் கெட்டியாகும் நுரையை அடைத்து, அதன் மேல் பலகை வைத்து நிலையோடும் சுவரோடும் சேர்த்து ஆணி அறைந்திருந்தார். "ஓட்டையாகத் தெரிந்தது ஐயா" என்றார். நானும் என் முதல் வீட்டில் ஏறத்தாழ இதையேதான் செய்தேன். பட்டையை உரிக்க வேண்டும், கடைக்காலுக்கு ரசமட்டம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எவருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுவர் இறங்கும்

பச்சை மரம் காயும்போது நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்குகிறது. கட்டைகளைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதால், ஒவ்வொரு கட்டையின் சுருக்கமும் சேர்ந்து சுவரின் உயரத்தில் குறைகிறது. கட்டைகள் ஒன்றோடொன்று பொருந்துவதற்காக வெட்டிய பள்ளங்களான காடிகள் கூரையின் பாரத்தில் அமுங்குவதும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. பச்சைக் கட்டையில் எழுப்பிய சுவருக்கு நூற்றுக்கு 6 பங்கு இறக்கம் என்று கணக்கு வைப்பது வழக்கம். அதாவது 2.4 மீட்டர் சுவர் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் தாழும், அதுவும் ஒரே நாளில் அன்று, சில ஆண்டுகளில்.

எனக்கு இது தெரியாமல் இல்லை. கட்டைகள் ஓராண்டு வெயிலில் கிடந்தன, காய்ந்துவிட்டன என்று நம்பினேன். மேல்தோல் காய்ந்திருந்தது, வைரம் ஈரமாகவே இருந்தது. நிலைகளைத் திறப்புக்குள் இறுக்கமாகச் செருகி, கட்டைகளில் நேரடியாக ஆணி அடித்தேன். இரண்டாம் கோடையில் கதவு மேலே உராயத் தொடங்கியது. இழைப்புளி வைத்துச் சீவினேன். மீண்டும் உராய்ந்தது, மீண்டும் சீவினேன். பிறகு ஒரு காலையில் பெரிய ஜன்னலின் கண்ணாடி மூலையிலிருந்து மூலைக்கு விரிசல் விட்டுக் கிடந்தது. திறப்புக்கு மேலிருந்த கட்டைகள் நிலையின் தலையில் உட்கார்ந்துவிட, பக்கத்துச் சுவரில் இரு கட்டைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவு பிளவு விழுந்திருந்தது. ஐந்து நிலைகளையும் பெயர்த்தெடுத்து மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. அந்தச் செலவை நினைத்தால் இன்றும் என் மீதே எரிச்சல் வருகிறது.

செய்ய வேண்டிய முறை எளியது. திறப்பின் இரு பக்கமும் கட்டைகளின் முனையில் மேலிருந்து கீழாகக் காடி வெட்டி, அதில் ஒரு சட்டத்தைச் செருகி, நிலையை அந்தச் சட்டத்தோடு மட்டும் இணைக்க வேண்டும். அப்போது கட்டைகள் சட்டத்தை உரசிக்கொண்டு தடையின்றி இறங்கும். 1.2 மீட்டர் உயர நிலைக்கு மேலே 7 சென்டிமீட்டராவது வெற்றிடம் விட்டு, அதில் அமுக்கினால் அமுங்கும் கம்பளிபோன்ற பொருளைத் திணிக்கலாம். மறைக்கும் பலகையின் ஆணி மேல்கட்டையில் மட்டும் இருக்கட்டும். பலகை நிலையின் முன்னால் தொங்கிக்கொண்டு கூடவே இறங்கும்.

நிமிர்ந்து நிற்பவை சுருங்காது என்பதையும் பலர் மறக்கிறார்கள். திண்ணைத் தூண், அடுப்பின் புகைக்குழாய், மாடிப்படி, உள்ளறைத் தடுப்பு ஆகியவை அப்படியே நிற்க, சுற்றியுள்ள சுவர் மட்டும் தாழ்ந்தால், கூரையே தூணில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தூணுக்கும் அடியில் திருகினால் உயரம் கூடிக் குறையும் திருகு ஜாக்கி வைத்து, சுவர் இறங்க இறங்கத் தளர்த்த வேண்டும். ஜாக்கியைப் பலகையடித்து நிரந்தரமாக மூடிவிட்டவர் ஒருவரையும் எனக்குத் தெரியும்.

வெடிப்பு

பருத்த கட்டை காய்கையில் வெடித்தே தீரும். மேல்நோக்கிய வெடிப்பில் மழைநீர் தேங்கி உள்ளிருந்தே உளுத்துப்போக வைக்கும் என்பதால், கட்டையின் மேற்புறத்தில், மேல்கட்டையின் காடி மூடப்போகும் இடத்தில் நீளவாக்கில் ஒரு ரம்பக்கோடு போட்டுவிடுங்கள். பெரும்பாலும் அந்தக் கோட்டிலேயே வெடித்து, கண்ணுக்கும் மழைக்கும் மறைந்துவிடும்.

வார்னிஷ்

வேண்டாம். ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்.

முதல் கட்டை

மண்ணிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில், கடைக்காலுக்கும் கட்டைக்கும் நடுவே ஈரத்தடுப்பு விரிப்புடன்.

இறவாரம்

60 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சாரல் நேராகச் சுவரில் அடிக்கும்.

பாதை

6 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட பச்சைக் கட்டை ஒன்று கால் டன்னைத் தாண்டும். லாரி உங்கள் நிலத்துக்குள் வரை வருமா என்பதை, மரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, ஒரு மழைநாளில் போய்ப் பாருங்கள்.