விக்டோரியா காலத்துக் காதல் கவிதை: முதலில் யார் கூற்று என்று பாருங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு பி.ஏ. ஆங்கிலம் சேர்கிறவர்கள் மலையாள நோட்ஸைத் தேடி அலைகிறீர்கள். கையில் இருப்பதை விட்டுவிடுகிறீர்கள். குறுந்தொகைப் பாட்டுக்குப் பக்கத்தில் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று போட்டிருக்குமே, பாடியது கபிலராக இருந்தாலும் பேசுவது தலைவிதானே, விக்டோரியா காலத்துக் காதல் கவிதைகளில் ஆணும் பெண்ணும் எப்படி வருகிறார்கள் என்ற தேர்வுக் கேள்விக்கும் அதே வழிதான். என்ன, இந்த ஆங்கிலக் கவிஞர்கள் அதை எழுதித் தர மாட்டார்கள், நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

ராபர்ட் பிரௌனிங்கின் 'மை லாஸ்ட் டச்சஸ்' (1842) எடுங்கள். ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள்: பேசுவது இத்தாலியின் ஃபெராரா நகரப் பிரபு, கேட்பது அவன் அடுத்துக் கட்டப்போகும் பெண் வீட்டுத் தூதர், பேச்சு செத்துப்போன மனைவியைப் பற்றி. அவளுக்கு ஒரு வரி கூடக் கிடையாது. அப்புறம் அவன் அவள்மேல் சொல்லும் குற்றங்களைத் தனியே எழுதிப் பாருங்கள். யாரோ ஒடித்துக் கொடுத்த செர்ரிக் கிளை, வெள்ளைக் கோவேறு கழுதை, மாலை வெயில், எல்லாவற்றுக்கும் முகம் மலர்ந்தாளாம், தான் கொடுத்த 900 வருடக் குடும்பப் பெயரையும் அதோடு சமமாக வைத்தாளாம். அவ்வளவுதான் குற்றம்! உத்தரவு போட்டான், சிரிப்பு நின்றது. இப்போது அவள் படத்துக்குத் திரை, அதை விலக்க அவனைத் தவிர யாருக்கும் உரிமை இல்லை. கடைசியில் சீதனப் பேச்சுக்கும் வந்துவிடுகிறான், அதை நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை.

பிரௌனிங்கின் 'போர்ஃபிரியாஸ் லவர்' (1836) கவிதையில் பேசுவது போர்ஃபிரியா என்ற பெண்ணின் காதலன். அதில் வினைச்சொற்களுக்குக் கோடு போடுங்கள். கதவைச் சாத்துவது, கணப்பு மூட்டுவது, அவன் கையை எடுத்துத் தன் இடுப்பில் வைப்பது, அவன் கன்னத்தைத் தன் தோளில் சாய்ப்பது, முதல் பாதி முழுக்க அவள்தான் செய்கிறாள். அவள் கூந்தலாலேயே அவள் கழுத்தை நெரித்த பிறகு, அவள் தலையைத் தன் தோளில் சாய்ப்பது அவன். இந்த இடமாற்றத்தைக் காட்டினாலே பாதி விடை முடிந்தது.

டென்னிசனின் 'தி பிரின்சஸ்' (1847) நூலில் ஆணுக்கு வயல், பெண்ணுக்கு அடுப்படி என்று வருவதை டென்னிசனின் கருத்தாக எழுதிவிடாதீர்கள். அது இளவரசனின் அப்பா பேச்சு, மகனே அவரோடு ஒத்துப்போவதில்லை.

சட்டத்துக்கு ஒரு வரி போதும்: மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் முழு உரிமை இங்கிலாந்தில் 1882-இல்தான் வந்தது.

சரி, பெண்கள் எழுதியது? எலிசபெத் பேரட் பிரௌனிங்கின் சானெட்டுகளில் (14 வரிக் கவிதைகள், 1850) காதலிப்பதும் பேசுவதும் பெண். கிறிஸ்டினா ரொசெட்டி 1856-இல் எழுதிய 'இன் ஆன் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்டுடியோ'வில் ஓவியனின் எல்லாப் படத்திலும் ஒரே பெண்ணின் முகம், அவள் இருக்கிறபடி இல்லை, அவன் கனவில் இருக்கிறபடி. பிரபுவின் திரைக்குப் பக்கத்தில் இதை வைத்து ஒப்பிட்டு எழுதுங்கள். ரொசெட்டியின் 'காப்ளின் மார்க்கெட்'டை இதே விடைக்குள் இழுக்காதீர்கள், அந்த அக்கா தங்கை கதைக்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.