இந்தக் கணத்தில் இருக்கப் பழகுவது எப்படி? நான் பழகிய வழி

குளித்துத் தலை துவட்டும்போது, சோப்புப் போட்டோமா இல்லையா என்றே நினைவில்லாமல் நின்றிருக்கிறீர்களா? எனக்கு அது அடிக்கடி நடந்தது. உடம்பு குளியலறையில், மனசு மறுநாள் மீட்டிங்கில். 2010-ல் 'சயின்ஸ்' என்ற அறிவியல் இதழில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் நாளின் வெவ்வேறு நேரங்களில் செல்போன் வழியாகக் கேட்டதில், கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது.

முதலில், தினமும் செய்கிற ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். பல் துலக்குவது போதும். பிரஷ் ஈறில் உரசுவது, நுரை திரள்வது, பின்பல்லுக்குப் போகும்போது சத்தம் மாறுவது, முழங்கை முன்னும் பின்னும் அசைவது. இரண்டு நிமிடம் இவற்றோடு மட்டும் இருங்கள். ஒரு வாரம் இது மட்டும்தான்.

அப்புறம் மூச்சு. வசதியாக உட்கார்ந்து ஐந்து நிமிடம் டைமர் வையுங்கள். செல்போன் வேண்டாம், மேசையில் வைக்கிற சாதாரண டைமர்தான் என் தேர்வு. போனைக் கையில் எடுத்தால் ஏதாவது ஒரு நோட்டிஃபிகேஷன் இழுத்துவிடும். ஒவ்வொரு மூச்சும் வெளியேறும்போது ஓர் எண். பத்து வந்ததும் மறுபடி ஒன்று.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். மூன்று எண்ணுவதற்குள் மனசு எங்கேயோ போய்விடும். மனசைக் காலியாக வைப்பதுதான் பயிற்சி என்று நம்பியிருந்ததால், நமக்கு இது வராது என்று இரண்டு முறை விட்டுவிட்டேன். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் இந்தக் கவனத்துக்கு 'ஸதி' என்று பெயர். நேர்ப்பொருள் நினைவு. அது தெரிந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. 'அட, போய்விட்டோமே' என்று நினைவு வருகிறது பாருங்கள், அந்த நொடியில் நீங்கள் திரும்பி வந்தாயிற்று. ஐந்து நிமிடத்தில் இருபது முறை போனால் இருபது முறை திரும்பும் பயிற்சி கிடைக்கிறது. திட்டிக்கொள்ள வேண்டாம். மனதுக்குள் 'யோசனை' என்று மெல்லச் சொல்லிவிட்டு ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொரு சிக்கல்: கவனிக்க ஆரம்பித்ததும் மூச்சு இறுகிப் போகும், நாமே இழுத்து விடுவது போல ஆகிவிடும். அப்போது வயிற்றில் உள்ளங்கையை வையுங்கள். மூச்சைக் கவனிப்பதை விட்டுவிட்டு, கை ஏறி இறங்குவதை மட்டும் உணருங்கள். எனக்கு இரண்டு மூன்று நாளில் சரியானது.

பின்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த சிலர், கண்ணை மூடினாலே படபடப்பு வருகிறது என்று எழுதியிருந்தார்கள். இது உண்மையிலேயே நடக்கும், முக்கியமாகப் பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களுக்கு. வம்படியாக உட்காராதீர்கள். கண்ணைத் திறந்தே வைத்து, பாதம் தரையில் அழுந்துவதைக் கவனியுங்கள். அப்படியும் படபடப்பு அடங்காவிட்டால் நிறுத்திவிட்டு, மனநல ஆலோசகரின் துணையோடு பழகுவதே நல்லது. தூக்கம் வருகிறது என்றவர்கள் மெதுவாக நடந்துகொண்டே செய்யலாம்.

எத்தனை நாள்? இந்த மாதிரிக் கவனப் பயிற்சியை மருத்துவமனைக்குக் கொண்டுபோன ஜான் கபாட்-ஜின், 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய பயிற்சி 8 வாரம். நீங்களும் அந்த அளவு பொறுமை கொடுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்: வீட்டுக் கதவைத் திறக்கும்போதெல்லாம் கைப்பிடி உள்ளங்கையில் சில்லென்று படுவதை உணர்ந்து, ஒரு மூச்சு விட்டு, பிறகு உள்ளே போங்கள்.