கொப்பிய மூடிட்டு எழுதிப் பாருங்க: ஓஎல் பிசிக்ஸ், மெட்ஸ், இங்கிலீஷ் லிட் திருப்பிப் படிக்கிற விதம்

ஓஎல்லுக்கு, அதான் பதினோராம் வகுப்பு முடிய எழுதுற சாதாரண தரச் சோதினைக்கு, முதல் வச்ச மாதிரிச் சோதினைக்கு சயன்ஸ் கொப்பிய நாலு தரம் முழுசா வாசிச்சிட்டுப் போனனான், வாசிக்கேக்க எல்லாம் விளங்கின மாதிரித்தான் இருந்தது, பேப்பரில குவிவு வில்லைக்கு முன்னால ஒரு பொருள வச்சு கதிர்ப்படம் கீறச் சொல்லி வந்திது, கொப்பியில அந்தப் படம் எந்தப் பக்கத்தில எந்த மூலையில கிடக்கெண்டு கண்ணுக்குள்ள தெரியுது ஆனா கை ஓடேல்ல. இவ்வளவு நாளும் கண்ணால மட்டும்தான் படிச்சிருக்கிறன் எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது. இப்ப திருகோணமலை உப்புவெளியில பக்கத்து வீட்டுப் பிள்ளையள் மூண்டு பேருக்கு பின்னேரத்தில சொல்லிக் குடுக்கிறன், அதுகளும் அதே பிழையத்தான் விடுதுகள், அதுதான் இத எழுதுறன்.

முதல் வேலை மூண்டு பாடத்துக்கும் ஒண்டுதான். ஒரு அலகு வாசிச்சு முடிஞ்சதும் கொப்பிய மூடுங்க, பழைய கலண்டர் தாளின்ட பின்பக்கத்த எடுத்து ஞாபகம் இருக்கிறத எல்லாம் நீலப் பேனையால எழுதுங்க, படம் இருந்தா கீறுங்க. பிறகு கொப்பியத் திறந்து விட்டத சிவப்புப் பேனையால நிரப்புங்க. அடுத்த நாள் படிக்கவேண்டியது அந்தச் சிவப்பு மட்டும்தான், நீலம் உங்களிட்ட ஏற்கனவே இருக்கு. அடுத்த நாள் ஒருக்கா, மூண்டு நாள் கழிச்சு ஒருக்கா, ஒரு கிழமை கழிச்சு ஒருக்கா அதே அலகுக்கு இதத் திரும்பச் செய்யுங்க. முதல் நாள் தாள் முழுக்கச் சிவப்பா இருக்கும், பயப்பிடாதீங்க, எல்லாருக்கும் அப்பிடித்தான்.

இனி பிசிக்ஸ். ஓஎல்லில அது தனிப் பாடம் இல்ல, சயன்ஸுக்குள்ள கெமிஸ்ட்ரி, பயோவோட சேந்துதான் வரும், ஆனா ஏஎல்லுக்கு (உயர்தரத்துக்கு) மெட்ஸ் பிரிவு இல்லாட்டி பயோ பிரிவு எடுக்கிற யோசனை இருந்தா இந்தப் பகுதிய இப்பவே உறுதியாக்கிறது நல்லம். பிசிக்ஸ்ல சமன்பாட்டப் பாடமாக்கிறதுக்கு முதல் சொல்லுகளப் பிடிக்கணும். இந்தியா யூடியூப் வீடியோ பாத்துப் படிக்கிற பிள்ளையளுக்கு இத முக்கியமாச் சொல்றன், வீடியோ நல்லம்தான், ஆனா அங்க நிறை எண்டு சொல்றது எங்கட திணிவு, எங்கட நிறை அவங்களுக்கு எடை. அவங்கட முடுக்கம் எங்கட ஆர்முடுகல். அவங்க வேகம் எண்டா எங்களுக்குக் கதி, எங்கட வேகம் அவங்களுக்குத் திசைவேகம். அவங்கட அழுத்தம் எங்களுக்கு அமுக்கம், அவங்கட திறன் எங்களுக்கு வலு. என்னட்ட வாற ஒரு பிள்ளை நல்லாக் கணக்குச் செய்யும், ஆனா நிறை கேட்ட இடத்தில கிலோகிராமில விடை எழுதி வச்சிருந்திது, காரணம் இந்தக் குழப்பம்தான். கொப்பியின்ட கடைசிப் பக்கத்தில ரெண்டு நிரல் போட்டு அங்கத்தைச் சொல் இங்கத்தைச் சொல் எண்டு எழுதி வைங்க, பக்கத்தில அலகையும் எழுதுங்க, திணிவுக்கு கிலோகிராம், நிறைக்கு நியூட்டன்.

அடுத்தது, படிச்சத எங்கட ஊரில கண்ணால கண்ட ஒண்டோட சேத்து ஆருக்காவது சொல்லிக் காட்டுறது. வேக-நேர வரைபுக்கு நான் சொல்லிக் குடுக்கிறது சுவாமி மலை உச்சியத்தான். கோணேசர் கோயிலுக்குப் பக்கத்தில இராவணன் வெட்டு எண்ட பாறைப் பிளவில நிண்டு ஒரு கல்ல விடுறீங்க எண்டு மனசுக்குள்ள நினைங்க (உண்மையில போட்டுடாதீங்க, கோயில் இடம், கீழ வள்ளமும் போகும்). கல் தண்ணியத் தொட 4 செக்கன் எடுத்தது எண்டு வைப்பம். காத்துத் தடைய விட்டிட்டு ஆர்முடுகல 10 எண்டு எடுத்தா செக்கனுக்குச் செக்கன் வேகம் பத்துப் பத்தா ஏறும், 4 செக்கன் முடியேக்க செக்கனுக்கு 40 மீற்றர். வரைபு ஒரு சரிஞ்ச நேர்கோடு, அதுக்குக் கீழ ஒரு முக்கோணம், அடி 4, உயரம் 40, பரப்பளவு 80, அந்த 80 மீற்றர்தான் கல் விழுந்த தூரம். கோட்டின்ட படித்திறன் ஆர்முடுகல், கீழ உள்ள பரப்பளவு இடப்பெயர்ச்சி. இத ஒருக்கா தாளில கீறி அம்மாவுக்கோ தம்பிக்கோ விளங்கப்படுத்திப் பாருங்க, எந்த இடத்தில வாய் நிக்குதோ அந்த இடம்தான் உங்களுக்குத் தெரியாத இடம்.

கரைவலை இழுக்கிறத நிலாவெளிப் பக்கம் பாத்திருப்பீங்கதானே, ஒரே கயிற ஒரே திசையில எல்லாரும் இழுக்கேக்க விசைகளக் கூட்டுறம், கயிறிழுத்தல் போட்டியில எதிர்த்திசை எண்டபடியா கழிக்கிறம், விளையுள் விசை அவ்வளவுதான். கடலில 2 மீற்றர் கீழ சுழியோடினா காது அமுங்கும், ஆழம், அடர்த்தி, ஈர்வை ஆர்முடுகல் மூண்டையும் பெருக்கினா கடல் தண்ணிக்கு அடர்த்தி 1025 எண்டு எடுத்து 20,500 பஸ்கல் வரும். வில்லைக்கு நான் பட்ட பாட்ட நீங்க படாம இருக்க, பொருள ஒவ்வொரு இடத்திலயும் வச்சு படத்த ஒரு நாளைக்கு ஒருக்கா பாக்காமக் கீறுங்க, ரெண்டு கதிர் போதும், முதன்மை அச்சுக்குச் சமாந்தரமாப் போறது குவியத்தால வெளியில வரும், ஒளியியல் மையத்தால போறது திரும்பாமப் போகும்.

மெட்ஸ் வாசிச்சுப் படிக்கிற பாடமே இல்ல. பாஸ்ட் பேப்பர்தான். முதல் பேப்பர் 2 மணித்தியாலம், 25 சின்னக் கேள்வியும் 5 கட்டமைப்புக் கேள்வியும், ரெண்டாவது 3 மணித்தியாலம், 12இல 10 செய்யணும், பகுதிக்கு அஞ்சு. அப்ப ரெண்டாம் பேப்பரில ஒரு கேள்விக்கு 18 நிமிசம்தான். வீட்டில செய்யேக்க மணிக்கூட்ட முன்னால வைங்க, கல்குலேட்டரத் தொடாதீங்க, சோதினைக்கு அது கொண்டுபோக ஏலாது, மடக்கை அட்டவணை பாக்கிற கை வீட்டிலயே பழகணும், பார் (மறை எண்டு காட்ட மேல போடுற கோடு) வாற மடக்கையக் கூட்டிக் கழிக்கிறது தினமும் ரெண்டெண்டாலும் செய்யுங்க.

செய்து முடிஞ்சதும் மார்க்கிங் ஸ்கீமப் பாத்து "ஓ இதானா" எண்டு சொல்லிட்டு அடுத்த பேப்பருக்குப் போறதுதான் பெரிய பிழை. பிழைச்ச கணக்குக்கு தனிக் கொப்பி ஒண்டு போடுங்க. அதில கேள்விய மட்டும் எழுதுங்க, விடைய எழுத வேண்டாம், கீழ ஒரு வரியில ஏன் பிழைச்சதெண்டு எழுதுங்க. "கவனக்குறைவு" எண்டு எழுதினா ஒண்டும் எழுதாத மாதிரி. இருபடிச் சார்பு வரைபில எக்ஸ் வர்க்கத்தில இருந்து 4எக்ஸ் கழிச்சு 1 கூட்டுற சார்பு வந்தது எண்டு வைப்பம், அட்டவணையில எக்ஸ் மைனஸ் 1க்கு பெறுமானம் கேட்டா எங்கட பிள்ளை 4 எண்டு போடும், சரியான விடை 6. மைனஸ் ஒண்டின்ட வர்க்கம் ஒண்டு எண்டத விட்டிட்டு மைனஸ் ஒண்டு எண்டே போட்டதுதான் காரணம். அப்ப பிழைக் கொப்பியில "மறை எண்ணுக்கு அடைப்பு போடேல்ல" எண்டு எழுதணும். இதப் பிடிக்க ஒரு வழியும் இருக்கு, பரவளைவு சமச்சீரானது, இந்த வரைபுக்கு சமச்சீர் அச்சு எக்ஸ் 2, அப்ப மைனஸ் 1க்கும் 5க்கும் ஒரே பெறுமானம் வரணும், 5க்கு 6 வருது, உங்கட 4 அங்கயே காட்டிக் குடுத்திடும். கீறேக்க அடியில கூரா ஊசி மாதிரி விடாதீங்க, அடிமட்டம் வச்சு புள்ளியளச் சேக்காதீங்க, கையால ஒரே இழுவையில ஒப்பமா இழுங்க.

கேத்திரகணித நிறுவலில ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில காரணம் எழுதணும், அதுக்கும் புள்ளி இருக்கு, தேற்றங்கள ஒரு தாளில எழுதி சுவரில ஒட்டுங்க.

இங்கிலீஷ் லிட் எங்கட பக்கம் எடுக்கிற பிள்ளையள் குறைவு, என்ட பட்ச்சில விரல் விட்டு எண்ணலாம், அதால எடுத்த பிள்ளையள் தனிச்சுப்போய் நோட்ஸப் பாடமாக்கிறதிலயே விழுந்திடுதுகள். நானும் விழுந்தனான். டியூசனில தந்த கட்டுரைய சொல்லுக்குச் சொல்லு பாடமாக்கிட்டுப் போக கேள்வி கொஞ்சம் திரும்பி வந்திது, எனக்கு எழுத ஒரு வசனம் கூட சொந்தமா இல்ல. அதால நோட்ஸ எடுக்கிறதுக்கு முதல் பாடல எடுங்க, மூண்டு தரம் சத்தமா வாசிங்க.

பிள்ளையளோட செய்து பாத்த ஒண்டச் சொல்றன். டெனிசன்ட "த ஈகிள்", ஆறே ஆறு வரி. ஒரு கழுகு மலை விளிம்பில நிக்குது, கீழ கடல், அந்தக் கடல அவர் சுருக்கம் விழுந்தது, ஊர்ந்து போகுது எண்டு சொல்றார். ஏன் கடல் சுருங்கி இருக்கு எண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியேல்ல. ஒரு பின்னேரம் மூண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கோணேசர் கோயிலுக்குப் போனன், கோட்டை வாசலுக்குள்ள மான் கூட்டத்தத் தாண்டி மேல ஏறி விளிம்புக் கம்பியப் பிடிச்சுக்கொண்டு கீழ பாத்தம். பெரிய அலை எல்லாம் அங்க இருந்து பாக்க கிழவியின்ட கைத் தோல் மாதிரி சின்னச் சின்ன மடிப்பு, மெதுவா நகருது. சின்னவள் உடன சொன்னாள், "அக்கா, அப்ப கழுகு எவ்வளவு உயரத்தில நிக்குது எண்டதத்தான் அவர் கடல வச்சுச் சொல்லியிருக்கிறார்". அதத்தான் பேப்பரிலயும் எழுதணும்.

எழுதுற விதமும் இதுதான். கழுகின்ட நகத்த அவர் கை எண்டு சொல்றார், பிள்ளையள் "இது பேர்சனிபிகேஷன், மிக நல்லா இருக்கு" எண்டு எழுதிட்டு நிப்பாட்டும். பேர் சொன்னது கால்வாசி வேலைதான். பாடலின்ட மூண்டு நாலு சொல்ல மேற்கோளாப் போடுங்க, உத்தியின்ட பேரச் சொல்லுங்க, பிறகு அது வாசிக்கிற ஆளுக்கு என்ன செய்யுது எண்டு உங்கட சொந்த இங்கிலீஷ்ல ரெண்டு வசனம் எழுதுங்க: கை எண்டு சொன்னதும் கழுகு ஒரு ஆள் மாதிரி, தனிய நிக்கிற ஒரு ராசா மாதிரித் தெரியுது, கை வளைஞ்சு இருக்கிறதால வயசும் பிடியின்ட இறுக்கமும் தெரியுது. சின்ன வசனமா எழுதுங்க, கிறாமர் பிழைக்காது. ஒவ்வொரு பாடலுக்கும் கதைக்கும் இப்பிடி நாலஞ்சு குட்டி மேற்கோள், எழுதினவர்ட பேர், ஆர் ஆருக்குச் சொன்னது எண்டத ஒரு துண்டு அட்டையில எழுதி பஸ்ஸில போகேக்க பாருங்க.

நேரம் பிரிக்கிறதில எனக்கு ஒரு கருத்துத்தான், மூளை தெளிவா இருக்கிற விடியப்பறம் மெட்ஸ், பின்னேரம் பிசிக்ஸ், படுக்க முதல் லிட் வாசிப்பு. ஒரே நாள் முழுக்க ஒரே பாடம் வேண்டாம். மழை நாளில கரண்ட் போகும், அந்த நேரம் விளக்க வச்சு கண்ணக் கெடுக்காம படுத்திருந்து ஒரு அலகச் சொல்லிப் பாருங்க, அதுவும் கொப்பிய மூடின படிப்புத்தான்.

சோதினைக்கு முதல் நாள் புதுசா ஒண்டும் தொடாதீங்க. பிழைக் கொப்பிய ஒருக்கா, சிவப்புத் தாளுகள ஒருக்கா. கவராயத்தில பென்சில் ஆடாம இறுக்கி, அடிமட்டம், ரெண்டு பேனை, அடையாள அட்டை, எல்லாத்தையும் ராவே எடுத்து வைங்க, பத்து மணிக்குப் படுங்க.