பவர்பாயிண்டில் மெனு மெனுவாகத் தேடாமல் இருக்க

பவர்பாயிண்டில் அடிக்கடி பயன்படுத்தும் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து, 'ஆட் டு குவிக் ஆக்சஸ் டூல்பார்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த பட்டன், எப்போதும் கண்ணில் படும் 'குவிக் ஆக்சஸ்' என்ற சிறு பட்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். படங்களை வரிசையாக அடுக்க உதவும் 'அலைன்' பட்டனை முதலில் சேர்த்துவிடுங்கள், அதற்குத்தான் அலைச்சல் அதிகம்.

'பிக்சர் ஃபார்மட்', 'ஷேப் ஃபார்மட்' போன்ற டேப்கள், படத்தையோ வடிவத்தையோ தேர்வு செய்தால்தான் தலைகாட்டும். வேறு எங்காவது கிளிக் செய்தால் மறைந்துவிடும். "நேற்று இங்கேதானே இருந்தது!" என்று நாம் திணறுவது பெரும்பாலும் இதனால்தான். குவிக் ஆக்சஸ் பட்டையோ எந்த டேபில் இருந்தாலும் இடம் மாறாது. அதோடு ஆல்ட் விசையை அழுத்தினால் அதிலுள்ள பட்டன்களின் மேல் 1, 2, 3 என எண்கள் தெரியும்; அந்த எண்ணைத் தட்டினால் போதும், மவுஸே வேண்டாம். ஏழெட்டு பட்டன்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்பதைத் தாண்டினால் இரண்டு விசைகள் தட்ட வேண்டிவரும், அப்புறம் எது எங்கே என்று அங்கேயும் தேட வேண்டியதுதான்.

இந்த ஆல்ட் எண் வசதி விண்டோஸில் மட்டுமே, மேக்கில் கிடையாது. வேறொருவர் கணினியில் உங்கள் பட்டன்கள் இருக்காது. அங்கே ஆல்ட் + க்யூ அழுத்தி, கட்டளையின் பெயரைத் தட்டச்சு செய்து தேடுங்கள். கூகுள் ஸ்லைட்ஸ் என்றால் ஆல்ட் விசையோடு சாய்கோட்டு (/) விசை.