இங்கிலாந்தில் சைக்கிள் பயணம்: வரைபடத்தில் அம்புக்குறியைப் பாருங்கள்

பாதையை முடிவு செய்யும் முன் பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:50,000 அளவு லேண்ட்ரேஞ்சர் வரைபடத்தில் சாலைகளின் மேல் உள்ள சிறு அம்புக்குறிகளைத் தேடுங்கள். ஒற்றை அம்பு என்றால் 14 முதல் 20 சதவீதச் சரிவு, அதாவது 100 மீட்டர் தூரத்துக்கு 14 முதல் 20 மீட்டர் உயரம். இரட்டை அம்பு என்றால் 20 சதவீதத்துக்கும் மேல். அம்பின் முனை இறக்கத்தைக் காட்டும். எனவே முனை உங்களை நோக்கியிருந்தால் ஏற்றம்.

ஃபோன் செயலிகள் முன்னால் காட்டும் 'மொத்த ஏற்றம்' இங்கே ஏமாற்றும். 300 மீட்டர் ஏற்றம் 10 கிலோமீட்டரில் பரவியிருந்தால் பேசிக்கொண்டே மிதிக்கலாம். அதுவே 2 கிலோமீட்டரில் வந்தால், பை கட்டிய சைக்கிளைத் தள்ள வேண்டியதுதான். வடமேற்கு இங்கிலாந்தின் மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டின் ஹார்ட்நாட் கணவாயில் சரிவு 33 சதவீதம் வரை போகும். மழையில் அங்கே இறங்குவதும் லேசில்லை, ரிம் பிரேக் (சக்கரத்தின் விளிம்பை அழுத்தும் பிரேக்) சரியாகப் பிடிக்காது.

அம்பு ஏற்றத்தின் நீளத்தைச் சொல்லாது. அதற்கு, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளை எண்ணுங்கள். ஒரு கோட்டுக்கு 10 மீட்டர் உயரம். மண் பாதைகளுக்கு அம்புக்குறி கிடையாது, அங்கும் கோடுகள்தான் துணை. கேம்பிரிட்ஜ்ஷயர் ஃபென்ஸ் போன்ற தட்டையான பகுதிகளில் இதெல்லாம் தேவையில்லை. அங்கே கவலை எதிர்க்காற்றுதான்.