ஆங்கிலத்தில் பை (by), அன்டில் (until): எது எங்கே?

"வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன்" என்பதை மெயிலில் 'அன்டில் ஃப்ரைடே' என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். 'பை ஃப்ரைடே' என்பதே சரி. கெடுவுக்கு முன் ஒருமுறை நடந்து முடிந்தால் போதும் என்றால் பை. அதுவரை தொடர்ந்துகொண்டே இருந்தால் அன்டில்: 'ஐ வில் வெயிட் அன்டில் ஃபைவ்'. தமிழில் 'க்குள்' வந்தால் பை, 'வரை' வந்தால் அன்டில் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் 'இரண்டு நாளுக்குள்' என்பது கால அளவு. அங்கே பை செல்லாது, 'வித்தின் டூ டேஸ்'தான்.

பலரும் சறுக்குவது எதிர்மறையில். 'இட் வோன்ட் பி ரெடி பை மன்டே' என்றால் திங்களுக்குள் தயாராகாது, அவ்வளவுதான். எப்போது கிடைக்கும் என்பது அதில் இல்லை. அதே வாக்கியத்தில் 'அன்டில் மன்டே' என்று போட்டால் திங்களன்றுதான் தயாராகும் என்று பொருள். வாடிக்கையாளருக்கு இதை மாற்றி எழுதினால் வம்பு.

பேச்சில் வரும் 'டில்' (till) என்பதும் அன்டில்தான். எழுதும்போது அன்டில்லுக்கு ஒரு 'எல்', டில்லுக்கு இரண்டு.